விசிறிப் பக்கத்திலிருந்து ஒன்று

சான்றிதழில் அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குத் தலை நிமிர்ந்தது. அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன். பயம் மறுநாள் காலை பத்தரை மணிக்குத்தான் வந்தது.

வண்டி என் சம்பந்தியுடையது. என் ஒரே மகளைக் கொடுத்திருக்கும் வீடு. அவருக்கு டைல்ஸ் வியாபாரம். கடைத்தெருவில் டைல்ஸ்காரர் என்றால்தான் தெரியும். முப்பத்து நாலு வயதான பெட்ரோல் பிக்கப் ஒன்றை இன்னும் விடாமல் வைத்திருந்தார். அது புகைச் சோதனையில் இரண்டு முறை தோற்றிருந்தது. மூன்றாவது முறையும் தோற்றால் பதிவே போய்விடும். நான்கு பட்டறைகளில் காட்டினார். நான்கிலும் ஒரே பதில்: இந்தக் குழாய், ஒயர் எல்லாவற்றையும் அறுத்து எறிந்துவிட்டு ஓட்டைகளில் போல்ட்டைச் சொருகிவிடலாம். அப்படிச் செய்தால் சோதனைக்காரர் பானெட்டைத் திறந்த கையோடு திருப்பி அனுப்புவார். வேறு வழியில்லாமல் என்னிடம் வந்தார். மகள் கல்யாணமான மூன்று வருடத்தில் அவர் என் பட்டறைக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

"பொண்ணு பாக்க வந்தன்னிக்கு பரம்பரை பரம்பரைன்னு மூணு தடவை சொன்னீங்களே சம்பந்தி, அந்தப் பரம்பரையைக் கொஞ்சம் பானெட்டுக்குள்ள காட்டுங்க, பாப்போம்" என்றார்.

"எங்க பட்டறையில எதையும் அறுத்து அடைக்கிற வழக்கம் இல்லை. மூணு நாள் குடுங்க" என்றேன்.

அவர் போனதும் என் தங்கை பானெட்டைத் தூக்கிப் பார்த்தாள். ஐம்பத்தெட்டு வயது அவளுக்கு. பட்டறையில் குழாய், என்ஜின் என் பாகம். ஒயர் எல்லாம் அவள் பாகம். மின்சாரம் என்றால் எதிரிக் கடைக்காரர்கள்கூட 'ஒயரக்காவைக் கேளு' என்பார்கள்.

"சீப்பையே பாக்காத தலை மாதிரி இருக்கேண்ணா" என்றாள். "படம் எங்க?"

எந்தக் குழாய் எங்கே போகிறது என்ற படம் பானெட்டின் உட்புறம் ஒட்டியிருக்க வேண்டும். எந்தக் காலத்திலோ பானெட்டையே மாற்றியிருந்தார்கள். படம் பழைய பானெட்டோடு போயிருந்தது. ஆகவே ஒவ்வொரு குழாயையும் ஒவ்வொரு ஒயரையும் கையால் தடவிப் போய், நீ யார், யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்துத்தான் ஆக வேண்டும்.

வேலை புரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். என்ஜின் ஓடும்போது காற்றை உறிஞ்சும். அந்த உறிஞ்சலுக்குத்தான் வேக்குவம் என்று பெயர். பென்சில் பருமன் ரப்பர் குழாய்கள் வழியாக அது போய், புகையைக் குறைக்கும் வால்வுகளை இழுத்துத் திறக்கும். பிரேக் பெடலை மெத்தென்று ஆக்குவதும் அதே உறிஞ்சல்தான். பெடலுக்கு முன்னால் இருக்கும் பூஸ்டர் என்ற கறுப்புக் குடத்தில் அது சேமிப்பாக நிற்கும். ஓடும்போது என்ஜின் அணைந்துபோனாலும் இரண்டு மூன்று மிதிக்கு அந்தச் சேமிப்பு தாங்கும். அது இல்லாவிட்டால் பெடல் கல்.

எங்கள் பட்டறையில் அடையாளச் சீட்டு எழுதுவதில்லை. கரி பட்டால் எழுத்து அழிந்துபோகும். அதனால் நூல் கட்டுவோம். ஒன்றாம் எண்ணுக்கு ஒரு முடிச்சு, இரண்டுக்கு இரண்டு. எண்ணுவது எப்போதும் விசிறிப் பக்கத்திலிருந்து, அதாவது வண்டியின் மூக்கிலிருந்து கேபினை நோக்கி. அப்பா வைத்த முறை. இன்னொரு முறையும் அவர் வைத்துவிட்டுப் போனார். மூத்தவர் எண் சொன்னால் மற்றவர் எதிர்க்கேள்வி கேட்கக் கூடாது. அந்த இரண்டு முறையையும் நாற்பது வருடம் நான் காப்பாற்றி வந்திருக்கிறேன்.

முதல் இரண்டு நாளும் தங்கை டேஷ்போர்டுக்கு அடியில் டெஸ்ட் லேம்ப்போடு மல்லாந்து கிடந்தாள். "இது பச்சையா நீலமா, இல்ல வெறும் அழுக்கா?" என்று அவள் தனக்குத்தானே கேட்டுக்கொள்வது வெளியே கேட்டபடி இருக்கும். புகை வால்வுக்குப் போகும் ஒயர் ஒரு வளைவில் உறைக்குள்ளேயே அறுந்திருப்பதைக் கண்டுபிடித்தாள். அதைச் சேர்த்ததும் என்ஜினில் எங்கோ 'டிக்' என்றது. "உயிர் வந்துடுச்சு பாருங்க. டைல்ஸ்காரர் நாக்கு மாதிரியே படபடங்குது" என்றாள். நான் சிரிக்கவில்லை. சம்பந்தி வீட்டைப் பற்றி நம் வாயால் சிரிக்கக் கூடாது.

மூன்றாம் நாள் மிச்சமிருந்தது இரண்டு வேக்குவம் சுவிட்சுகள். என்ஜினில் தண்ணீர் ஓடும் இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் திருகியிருக்கும். கட்டைவிரல் பருமன், பித்தளை உடம்பு, தலையில் குழாய் சொருக இரண்டு மூக்கு. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். குணம் மட்டும் கிழக்கும் மேற்கும். ஒன்று குளிரில் திறந்திருக்கும், சூடேறினால் மூடிக்கொள்ளும். மற்றது குளிரில் மூடியிருக்கும், சூடேறினால் திறக்கும். அடையாளத்துக்கு இருந்த வண்ண வளையங்கள் இரண்டிலும் உதிர்ந்துபோயிருந்தன. வாயால் ஊதித்தான் பார்க்க வேண்டும்.

இரண்டையும் நான் கழற்றினேன். கழற்றும்போதே எண் சொன்னேன், தங்கை முடிச்சுப் போட்டாள். பாத்திரத்தில் வெந்நீர் வைத்து ஒவ்வொன்றாக முக்கி ஊதினேன். ஒற்றை முடிச்சு சூட்டில் திறந்தது. இரட்டை முடிச்சு சூட்டில் மூடியது. இரண்டுமே நல்ல நிலையில் இருந்தன. கொதிநீரில் உதடு வெந்ததைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

திருப்பி மாட்டும் வேலையைத் தங்கை செய்தாள். அவள் விரல் மெலிது, இடுக்கில் போகும். மாட்டுவதற்கு முன் கையில் இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றாள்.

"அண்ணா, ஒண்ணுன்னா விசிறிப் பக்கம்தானே?"

"நம்ம பட்டறையில அது எப்ப மாறிச்சு? எதிர்க்கேள்வி கேக்காம மாட்டு" என்றேன்.

மாட்டினாள்.

என்ஜின் சூடானதும் ஓட்டம் கொஞ்சம் தடுமாறியது. பழைய என்ஜின் என்று நினைத்து, ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும் வேகத்தை ஒரு திருகு கூட்டி வைத்தேன். தடுமாற்றம் மறைந்தது. அடுத்த நாள் சோதனை நிலையத்தில் வண்டி தேறியது. கரிப் புகைக்கு அனுமதித்த எல்லை மூன்று சதவீதம் என்றால் எங்கள் வண்டிக்கு வந்தது சைபர் புள்ளி மூன்று. சம்பந்தியே சான்றிதழின் நகலை எடுத்துக்கொண்டு மாலையில் பட்டறைக்கு வந்து, வேலையாட்கள் முன்னால் என் கையில் கொடுத்தார். "ஒத்துக்கறேன் சம்பந்தி, உங்க கை வேற கைதான்" என்றார். அதை வாங்கிச் சுவரில் அப்பாவின் படத்துக்குக் கீழே ஆணியில் குத்தி வைத்தேன்.

மறுநாள் காலை தங்கை அந்தக் காகிதத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"அண்ணா, நேத்து நம்ம பட்டறையிலிருந்து சோதனைக்குப் போன புது வண்டிக்கு எவ்வளவு வந்துச்சு?"

"சைபர் புள்ளி அஞ்சு."

"புது வண்டிக்கு அஞ்சு, கெழவிக்கு மூணா?"

சொல்லிவிட்டு அவள் தன் வேலைக்குப் போய்விட்டாள். அவள் அதைக் கிண்டலாகத்தான் சொன்னாள். எனக்கு மட்டும் கை நின்றது.

கரிப் புகை அவ்வளவு குறைய வேண்டுமென்றால் எங்கோ கணக்கில்லாத காற்று உள்ளே போக வேண்டும். காற்று கூடினால் எண் குறையும், என்ஜின் தடுமாறும். தடுமாறியது. நான் திருகிக் கூட்டினேன். அப்படியானால் சூடான பிறகு எங்கோ ஒரு குழாய் வாயைத் திறக்கிறது. சூட்டில் வாயைத் திறக்கும் பொருள் அந்த வண்டியில் ஒன்றே ஒன்றுதான். ஒற்றை முடிச்சு.

என் இடுப்பு அப்போதுதான் சுளீரென்றது. ஞாபகம் வந்ததும் அந்த வலியோடுதான்.

மூன்று வாரமாக எனக்கு இடுப்பில் ஒரு பிடிப்பு. யாரிடமும் சொல்லவில்லை. வண்டியின் மூக்குப் பக்கம் நின்று குனிய முடியாமல், அந்த இரண்டு சுவிட்சுகளையும் டிரைவர் கதவோரம் நின்று, சக்கரத்தின் மேலே கையை நீட்டிக் கழற்றினேன். அங்கிருந்து கைக்கு முதலில் எட்டுவது கேபின் பக்கத்துச் சுவிட்ச். அதைக் கழற்றிக்கொண்டே "ஒண்ணு" என்றேன். தங்கை டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து கையை மட்டும் நீட்டி வாங்கி முடிச்சுப் போட்டாள். நான் எங்கே நின்றேன் என்று அவள் பார்க்கவில்லை. நாற்பது வருடப் பழக்கத்தில் விசிறிப் பக்கம் மாட்டினாள். அதற்கு முன் ஒரு தடவை கேட்டும் பார்த்தாள்.

சூட்டில் மூட வேண்டிய இடத்தில் சூட்டில் திறப்பது உட்கார்ந்திருந்தது. அந்தக் குழாய்க்கு உறிஞ்சல் எங்கிருந்து வருகிறது? என்ஜினில் இருந்த மூக்கு எப்போதோ ஒடிந்துபோக, யாரோ அதைப் பிரேக் பூஸ்டரின் பக்க மூக்கில் சொருகியிருந்தார்கள். நான் பார்த்தேன். சூடானால் மூடிவிடும், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டேன். இப்போது அது சூட்டில் திறக்கிறது. குடத்தின் அடியில் ஓட்டை, அது வழியாக வெளிக்காற்று உள்ளே போகும். என்ஜின் ஓடும்வரை நிரப்பிக்கொண்டே இருக்கும், ஒன்றும் தெரியாது. ஒரு வளைவில் கிளட்சை மிதித்து என்ஜின் அணைந்தால் ஒரு மிதிக்குக்கூடச் சேமிப்பு இருக்காது.

வண்டி எங்கே இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். டைல்ஸ் செய்யும் ஆலை மலைமேல். என் மகள்தான் ஓட்டிக்கொண்டு போயிருந்தாள், மாமனார் பக்கத்தில். மதியம் லோடோடு இறங்குவார்கள். பதினோரு கொண்டை ஊசி வளைவு.

மணி பத்தரை. நான் செய்ததை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். உடனே போனை எடுக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, நான் அந்தப் பக்கம் நிற்காமல் இந்தப் பக்கம் நின்றிருக்கக் கூடாதா என்று யோசித்தேன். வெந்நீரில் ஊதியதை மறுபடி மறுபடி நினைத்துப் பார்த்தேன். ஸ்பேனர்களை அளவுவாரியாக அடுக்கினேன். அப்பாவின் படத்துக்குக் கீழே இருந்த காகிதத்தைப் பார்த்தேன். அந்த மனிதரிடம் என்ன வார்த்தையில் சொல்வது என்பதுதான் என் கவலையாக இருந்தது. நிமிர்ந்தபோது மணி பதினொன்று பத்து.

முதலில் மகளுக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. வண்டியில் உட்கார்ந்தால் போனைத் தொடாதே என்று பதினெட்டு வயதில் அவளுக்குச் சொன்னவன் நான்தான். ஒருநாளும் மீறியதில்லை.

சம்பந்தி இரண்டாவது மணியிலேயே எடுத்தார். பின்னால் ஆட்கள் பெட்டிகளை ஏற்றும் சத்தம்.

"என்ன சம்பந்தி, சர்டிபிகேட்டுக்குக் கண்ணாடி போட்டாச்சா? இருங்க, ஸ்பீக்கர்ல போடறேன், பசங்களும் கேக்கட்டும்."

"வண்டி எடுத்துட்டீங்களா?"

"உங்க பொண்ணு சீட்ல ஏறி உக்காந்துட்டா. கடைசிப் பெட்டி ஏறுது. ஏன்?"

"கொஞ்சம் இருங்க. ரெண்டு மணி நேரம் ஆறட்டும். அப்புறம் எடுங்க."

"ஏன்னு கேக்கறேன்?"

சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். வாய்வரை வந்தது. ஸ்பீக்கரில் யாரோ இருமினார்கள்.

"பழைய வண்டி" என்றேன். "மலை ஏறின சூடு இருக்கும். அதுக்குத்தான்."

"பரம்பரை கை வச்ச வண்டிக்குச் சூடு ஏறுமா?" ஆட்கள் சிரிப்பது கேட்டது. "மருமக பூ மாதிரி ஓட்டுவா. நீங்க ஒரு டீ குடிங்க சம்பந்தி." வைத்துவிட்டார்.

திரும்பினால் தங்கை நின்றுகொண்டிருந்தாள். கையைத் துடைத்த துணி கையிலேயே இருந்தது.

"என்ன ஆச்சு?"

சொன்னேன். அவளிடம் சொல்ல எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"இதை அவர்கிட்ட சொன்னீங்களா?"

"நிறுத்தச் சொன்னேன்."

"வண்டி சூட்டைப் பத்திச் சொன்னீங்க. உங்க கையைப் பத்திச் சொல்லல. அப்புறம் எப்படி நிறுத்துவாங்க?"

மறுபடி போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது ஒரு பெண் குரல். மறுபடி. அதே குரல். மலைப் பாதையில் பாதி தூரத்துக்கு டவர் கிடையாது.

பட்டறை வேனைத் தங்கை எடுத்தாள். மலை அடிவாரத்துக்கு இருபத்தைந்து நிமிடம். அந்த நேரம் முழுக்க நான் போட்டுக்கொண்டே இருந்தேன். அந்தப் பெண் சலிக்காமல் பதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். தங்கை ஒரே ஒரு முறை வாய் திறந்தாள்.

"நான் இன்னொரு தடவை கேட்டிருக்கணும்ணா."

"கேக்க விட்டேனா?" என்றேன். அவள் கியரை மாற்றினாள்.

முதல் வளைவில் எதிரே ஒரு லாரி இறங்கிவந்தது. அதன் டிரைவர் முகத்தைப் பார்த்தேன். எதையாவது பார்த்துவிட்டு வரும் முகமா என்று. சாதாரண முகம். இரண்டாவது வளைவில் ஒரு கார். பின்சீட்டில் குழந்தை கையை வெளியே நீட்டி ஆட்டியது. மூன்றாவதில் ஒன்றும் வரவில்லை. நான்காவதிலும் வரவில்லை. எதிரே எந்த வண்டியும் வரவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். மேலே எங்கோ பாதை அடைபட்டிருக்கிறது.

ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். அங்கங்கே வெள்ளையடித்த கற்கள்தான் தடுப்பு. ஒவ்வொரு கல்லையும் நான் பார்த்தேன். ஐந்தாவது வளைவில் ஒரு கல் விழுந்து கிடந்தது. "நிறுத்து" என்று கத்தினேன். இறங்கி ஓடிப் பார்த்தேன். விழுந்த இடத்தில் புல் முளைத்திருந்தது, பழைய கல். திரும்பி வந்து ஏறி உட்கார்ந்தேன். தங்கை என் தோளில் ஒரு நொடி கையை வைத்துவிட்டு எடுத்தாள்.

ஆறாவது வளைவுக்குக் கீழே சாலையெல்லாம் டைல்ஸ் சில்லு. வெள்ளைத் தரையில் நீலப் பூப் போட்டது. நொறுங்கி, பத்தடிக்கு ஒன்றாக, பிறகு குவியலாக. வேனின் சக்கரம் அதன்மேல் ஏறும்போது வந்த சத்தத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

வளைவுக்கு மேலே ஒரு பேருந்து நின்றது. அதன் முன்னால் ஆட்கள். அவர்கள் எல்லோரும் பள்ளத்தைப் பார்க்கிறார்களா மலையைப் பார்க்கிறார்களா என்றுதான் என் கண் முதலில் தேடியது.

மலையைப் பார்த்து நின்றார்கள்.

பிக்கப் வளைவிலேயே மலையோரத்து மழைநீர் வாய்க்காலில் ஒரு பக்கச் சக்கரங்களை இறக்கி, மண்சரிவில் முகத்தைப் புதைத்து நின்றது. பம்பர் மடங்கியிருந்தது. பின்கதவு திறந்து பாதி லோடு சாலையில். பக்கத்தில் என் மகள் நின்றுகொண்டிருந்தாள். தன் இரண்டு காலில். நான் அவள் தலை, கை, கால் என்று மேலிருந்து கீழாக இரண்டு தடவை எண்ணினேன். உள்ளங்கையில் மட்டும் சிராய்ப்பு.

"அப்பா" என்றாள். "என்ஜின் அணைஞ்சுது. பிரேக்கை மிதிச்சேன். பெடல் கல்லு மாதிரி ஆயிடுச்சுப்பா. இறங்கவே இல்ல. ஹேண்ட்பிரேக்கை இழுத்து, கியர்ல போட்டு, இந்தப் பக்கம் திருப்பினேன்."

அதற்குள் சம்பந்தியின் குரல் வந்தது. ஒரு பாறைமேல் உட்கார்ந்து நெற்றியில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டிருந்தார். குரல் நடுங்கியது. நடுக்கத்தை மறைக்கவே பேருந்து டிரைவரிடம் இன்னும் சத்தமாகப் பேசினார்.

"வண்டியில குறை ஒண்ணுமில்ல சார், நேத்துதான் சர்டிபிகேட் வாங்கினது. ஓட்டத் தெரியாம அணைச்சுட்டா. அப்புறம் மிதிக்கக் காலுல பலம் வேணாமா? என் புத்தியைச் சொல்லணும், இவ கையில குடுத்ததுக்கு. இனிமே சாவியைத் தொட்டா பாரு."

"பழைய வண்டின்னாலே பொம்பளைங்களுக்குக் கஷ்டம்தான்" என்றார் பேருந்து டிரைவர். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள்.

மாமனாரை எதிர்த்துப் பேசி மகள் பழகவில்லை. அதையும் நான்தான் சொல்லி அனுப்பினேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், பெடல் ஏன் கல்லானது என்று அப்பாவுக்குத் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கையோடு.

அந்த இடத்தில் நான் சும்மா நின்றிருந்தால் போதும். சான்றிதழ் சுவரில் இருக்கும். அப்பாவின் பெயர் இருக்கும். பானெட்டைச் சரிபண்ணுகிற சாக்கில் இரண்டு சுவிட்சுகளையும் மாற்றி மாட்டிவிடலாம். என் மகளுக்கு ஓட்டத் தெரியாது என்ற ஒரு பேச்சு மட்டும் அந்த வீட்டில் நிற்கும். தங்கை எனக்குப் பின்னால் நின்றாள். அவள் மூச்சு மட்டும் கேட்டது.

"அவ காலுல தப்பில்ல" என்றேன். "தப்பு என் கையில."

சம்பந்தி நிமிர்ந்து பார்த்தார்.

"ரெண்டு சுவிட்சு. இடம் மாத்தி மாட்ட வச்சிட்டேன். என் தங்கச்சி கேட்டா, சரிதானான்னு. அவ வாயை நான் அடைச்சேன். சூடானதும் பூஸ்டர்ல இருக்கிற உறிஞ்சலெல்லாம் அது வழியா போயிடுச்சு. அந்தப் பெடலை அந்த நேரத்துல யார் மிதிச்சிருந்தாலும் கல்லுதான். நீங்க மிதிச்சிருந்தாலும், நான் மிதிச்சிருந்தாலும். இவ மட்டும்தான் மலைப் பக்கம் திருப்பியிருப்பா."

சம்பந்தி கைக்குட்டையை நெற்றியிலிருந்து எடுத்துப் பார்த்தார், ரத்தம் நின்றிருந்தது.

"அப்ப, போன் பண்ணினது?" என்று மகள்தான் கேட்டாள்.

"அப்பவே தெரியும்" என்றேன். "சொல்ல வாய் வரல."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆறு வளைவு ஏறி வந்தபோது பட்ட பயத்தைவிட அதுதான் என்னை அதிகம் உலுக்கியது.

பேருந்தில் வந்தவர்கள் சேர்ந்து தள்ளி வண்டியைச் சாலைக்கு ஏற்றினார்கள். மிச்ச லோடை ஓரமாக இறக்கி வைத்தோம். நல்லவேளை, ரேடியேட்டரில் அடிபடவில்லை. நான் பானெட்டைத் திறந்தேன். இந்த முறை மூக்குப் பக்கம் நின்றேன். இடுப்பு குனியவில்லை, சக்கரத்துப் பக்கம் வந்தேன், எல்லோரும் பார்க்கவே.

பூஸ்டரின் பக்க மூக்கிலிருந்து அந்தக் குழாயை உருவ வேண்டும். உருவி, குழாய்த் துண்டு ஒன்றை மூக்கில் மாட்டி, அதன் வாயில் ஒரு போல்ட்டைச் சொருகி இறுக்க வேண்டும். நான்கு பட்டறைக்காரர்களும் சொன்ன அதே வேலை. வேனிலிருந்து போல்ட் எடுத்து வந்தேன். இரண்டு தடவை அது கைநழுவிக் கீழே விழுந்தது.

"எந்தக் குழாய்ணா?" என்றாள் தங்கை. "விரலை வச்சுக் காட்டுங்க. அப்புறம் சொல்லுங்க."

விரலை வைத்துக் காட்டினேன். பிறகு சொன்னேன். "சரிதானா, நீயும் ஒரு தடவை பாரு" என்றும் சொன்னேன். அவள் குழாயை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விரலால் தடவிப் போய்ப் பார்த்து, "சரிதான்" என்றாள்.

மகள் வந்து என் கையிலிருந்த போல்ட்டை வாங்கிக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. சொருகி, கிளிப் போட்டு இறுக்கினாள்.

என்ஜினை ஓடவிட்டோம். சூடாகும்வரை காத்திருந்து அணைத்தேன். பெடலை மிதித்தேன். மெத்தென்று இறங்கியது. இரண்டாவது மிதியிலும் இறங்கியது. மூன்றாவதிலும். அப்படியும் என் கால் நம்பவில்லை. மறுபடி ஓடவிட்டு, மறுபடி அணைத்து, மறுபடி மிதித்தேன். நான்காவது தடவை மகள் கதவைத் திறந்தாள்.

"இறங்குங்கப்பா. நான் ஓட்டறேன்."

"வேணாம்மா. நான் கொண்டு வரேன்."

"உங்க இடுப்போடவா? மூணு வாரமா நீங்க நடக்கிறதைத் தெருவே பாக்குது. உங்களுக்குத்தான் அது ரகசியம்." பிறகு குரலைத் தணித்துச் சொன்னாள்: "இப்ப ஓட்டலைன்னா அப்புறம் என்னிக்கும் ஓட்டமாட்டேன்."

இறங்கினேன். சம்பந்தி பிக்கப்பில் ஏறவில்லை. வேனின் பின்சீட்டில் வந்து உட்கார்ந்தார். நான் முன்னால் உட்காராமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் நகர்ந்து இடம் விட்டார். பரம்பரை பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அவள் முன்னால் போனாள். நாங்கள் பின்னால். பாதை சரிந்து இறங்கியது. ஐந்தாவது வளைவு நெருங்கியது. பிக்கப்பின் பின்னால் இரண்டு சிவப்பு விளக்குகள் எரிந்தன. வண்டி தணிந்தது, திரும்பியது. விளக்கு அணைந்தது.

"அஞ்சு" என்றார் சம்பந்தி, வாய்க்குள்.

நான்காவது வளைவு. சிவப்பு. தணிந்தது. "நாலு" என்றேன் நான். மூன்றாவதில் விளக்கு எரிய ஒரு நொடி தாமதமானது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். எரிந்தது. அவர் கையை எடுக்க மறந்துபோனார். நானும் எடுக்கச் சொல்லவில்லை. இரண்டு. ஒன்று.

அடிவாரம் வந்தது. அதற்குமேல் சமவெளி, நேர்சாலை. நிறுத்துவதற்கு அங்கே ஒரு காரணமும் இல்லை. எதிரே ஆளும் இல்லை, வண்டியும் இல்லை. சிவப்பு விளக்குகள் எரிந்தன. பிக்கப் மெதுவாக, மெதுவாக, ஓரம் கட்டி முழுசாக நின்றது. விளக்கு அணையவில்லை. பெடலை மிதித்தபடியே இருந்தாள்.

தங்கையும் வேனை நிறுத்தினாள். யாரும் இறங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மகள் ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டி, வா என்று எங்களுக்குச் சைகை காட்டிவிட்டு, வண்டியை மறுபடி எடுத்தாள்.